உத்தரவு இருந்தும் சீமைக்கருவேலம் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி இது: "சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் ஊர்க் கண்மாயில் இரண்டு தடவை வெட்டியும் மறுபடி காடாகி நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து பரவும் மரம், செடி, பூச்சிகளைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் சட்டமே கிடையாதா?"

சட்டம் இருக்கிறது. 1914-லிருந்தே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு இடத்துக்குக் காவல் நிற்கிறது. ஒன்று துறைமுகத்துக்கு, ஒன்று வயலுக்கு, ஒன்று காட்டுக்கு. உங்கள் கண்மாய் இந்த மூன்றிலும் சரியாக அடங்குவதில்லை. ராமநாதபுரம் பக்கம் பிறந்து, பாசன விவசாயிகள் சங்க வேலையாகப் பல வருடம் கண்மாய்க் கரைகளில் நடந்தவன் நான். எனக்குத் தெரிந்த அளவில் பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் துறைமுகத்தைச் சொல்லிவிடுகிறேன். 1914-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த அழிவுப் பூச்சிகள் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மிகச் சிறிய சட்டம்தான், ஆனால் அதை வைத்துத்தான் 2003-ல் மத்திய அரசு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையைக் கொண்டுவந்தது. வெளிநாட்டிலிருந்து விதை, நாற்று, மரக்கட்டை, பழம் எது வந்தாலும் இறக்குமதி அனுமதி வேண்டும், அனுப்பும் நாட்டின் பயிர்நலச் சான்றும் வேண்டும். சென்னை மீனம்பாக்கத்தில் உள்ள நிலையம் போன்ற இடங்களில் சோதனை நடக்கும். எந்த நாட்டிலிருந்து எந்தப் பயிர் வரவே கூடாது, எந்தக் களைவிதை கலந்திருக்கக் கூடாது என்றெல்லாம் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். ஓட்டைகள் உண்டு என்றாலும், நம்மிடம் உள்ளதில் ஒழுங்காக வேலை செய்யும் பகுதி இதுதான். வாசலில் தடுக்க ஆகும் செலவு, உள்ளே வந்த பிறகு துரத்த ஆகும் செலவில் ஒரு துளிகூட இருக்காது.

ஆனால் சீமைக்கருவேலம் வாசலைத் தாண்டித் திருட்டுத்தனமாக வந்ததல்ல. 1870-களில் மதராஸ் மாகாண வனத்துறை அதிகாரிகளே கேட்டு வாங்கினார்கள். 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது, கடப்பை பக்கம் நட்டார்கள். வறண்ட ஊர்களுக்கு விறகு வேண்டும், மண்ணரிப்பு நிற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். சுதந்திரத்துக்குப் பிறகும் அதே நோக்கத்தோடு அரசே பரப்பியது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதன் விதையைத் தூவியதைப் பற்றிச் சொல்லும்போது அதில் குற்ற உணர்ச்சி இருக்காது. அடுப்புக்கு விறகு கிடைத்தது, வேலிக்கு முள் கிடைத்தது, அவ்வளவுதான். அரசாங்கமே கொண்டுவரும்போது எந்தத் தொற்றுத்தடுப்புச் சட்டம் தடுக்கும்?

நாட்டுக்குள் வந்துவிட்ட ஒன்றை ஒரு மாவட்டத்துக்குள்ளேயே அடைத்து வைக்கவும் சட்டத்தில் வழி உண்டு. 1961-ல் ஊட்டியில் உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். நீலகிரியிலிருந்து விதை உருளை வெளியே போகக் கூடாது என்று 1971-ல் தடை வந்தது. ஒரு மாவட்டம், ஒரு பயிர், ஒரு புழு என்று எல்லை தெளிவாக இருந்ததால் பல காலம் அந்தத் தடைக்கு அர்த்தம் இருந்தது. அப்படியும் 2018-ல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் விதை உருளைக்கும் மத்திய அரசு அதே மாதிரித் தடை போட வேண்டி வந்தது. நூற்புழு அங்கேயும் இருந்தது. தடை என்பது அநேகமாக நேரத்தை வாங்கிக் கொடுக்கும். அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் கணக்கு.

அப்படி நேரத்தை நன்றாகப் பயன்படுத்தியதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோவையில் தென்பட்டது. அடுத்த இரண்டு வருடத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாக வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல் ஆனது. இலையைத் தொட்டால் கை பிசுபிசுக்கும், கீழே கரும்பூசணம் படர்ந்திருக்கும். மருந்தடித்துப் பார்த்த விவசாயிக்குக் கைக்காசு போனதுதான் மிச்சம். அந்தப் பூச்சியின் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். அதை அங்கே அடக்கி வைத்திருக்கும் சிறு குளவிகளை இங்கே கொண்டுவரலாம் என்றால், அதுவும் ஒரு அயல் உயிரினம்தான். நினைத்தபடி கொண்டுவந்து விட முடியாது. 2003 ஆணையின்படி அனுமதி வாங்கி, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, அடைப்பில் வைத்துச் சோதித்த பிறகுதான் வெளியே விட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கித் தோட்டங்களுக்குக் கொடுத்தது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. இங்கே சட்டம் முட்டுக்கட்டையாக இல்லை. யார் அனுமதி தருவது, யார் சோதிப்பது, யார் வயலில் விடுவது என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தார்.

சரி, இப்போது வயலுக்கு வருவோம். மதராஸ் மாகாணம் 1919-லேயே விவசாயப் பூச்சிகள், நோய்கள் சட்டம் போட்டது. இன்று அது தமிழ்நாட்டுச் சட்டம். பூச்சி, நோயோடு தீங்கான களைகளும் அதில் அடக்கம். அரசு ஒரு களையை அறிவிக்கை செய்து, எந்தப் பகுதி, எந்தக் காலம் என்று குறித்துவிட்டால் நிலத்தை வைத்திருப்பவர் அதை அகற்றியாக வேண்டும். அகற்றாவிட்டால் அதிகாரி உள்ளே வந்து அகற்றிவிட்டுச் செலவை வசூலிக்கலாம். கோவைப் பக்கம் கம்போடியா பருத்திச் செடியைக் குறித்த தேதிக்குள் பிடுங்க வைத்ததெல்லாம் இந்தச் சட்டத்தை வைத்துத்தான். பருத்திக்கு அது நடந்தது, ஏனென்றால் வயலில் ஒரு ஆள் இருந்தார், அவருக்கு அடுத்த பட்டத்துப் பருத்தி வேண்டியிருந்தது.

கர்நாடகத்தில் இதே வகைச் சட்டத்தின் கீழ் பார்த்தீனியத்தை 1975-ல் தீங்கான களையாக அறிவித்தார்கள். அங்கே போய் ஒரு சாலை ஓரத்தைப் பார்த்தாலே போதும், அறிவிக்கையால் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். சாலை ஓரத்தில் நோட்டீஸை யாரிடம் கொடுப்பது? இலங்கையில் ஆகாயத்தாமரைக்கென்றே 1909-ல் தனிச் சட்டம் போட்டார்கள், வங்காளத்தில் 1936-ல். இரண்டு இடத்திலும் ஆகாயத்தாமரை இன்றும் மிதக்கிறது.

உங்கள் கண்மாயிலும் இதே கேள்விதான். நோட்டீஸ் யாருக்கு? தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத்துறையின் கையில், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் கையில். உள்ளே நிற்கும் மரத்துக்கு மதிப்புப் போட்டுக் கொடுப்பது வனத்துறை. எல்லை அளப்பது வருவாய்த்துறை. வரத்துக்கால் பாதி பட்டா நிலத்தில் ஓடும். 1919 சட்டப்படி அரசு தனக்குத்தானே நோட்டீஸ் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் நீதிமன்றம் இறங்கியது. 2015-ல் வைகோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்குப் போட்டார். அதில் தென் மாவட்டங்களில் தொடங்கி 2017-ல் மாநிலம் முழுவதும் சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவு வந்தது. மாவட்டந்தோறும் வழக்கறிஞர் ஆணையர்கள் போய்ப் பார்த்தார்கள். தனியார் நிலத்தில் உரிமையாளரே வெட்ட வேண்டும், தவறினால் அரசு வெட்டிச் செலவை வசூலிக்கும் என்றார்கள். அரியலூரில் ஜாமீன் கேட்டு வந்தவர்களிடம் 100 மரம் வெட்ட வேண்டும் என்று நிபந்தனையே போட்டார்கள். ஊரே அரிவாளோடு இறங்கிய மாதங்கள் அவை. அந்த உற்சாகத்தை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் இறங்கியவன்தான். ஆனால் ஏப்ரலிலேயே சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. அறிவியல் ஆய்வு எங்கே, பறவைகள் என்ன ஆகும் என்று கேட்டார்கள். நிபுணர் குழு அமைந்தது, சில மாதத்தில் தடை நீங்கியது. அப்புறம் வேகம் போய்விட்டது.

தடை கேட்டவர்களின் கவலையில் நியாயம் இருந்தது. எங்கள் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுவது கருவேல மரங்களில்தான், சீமைக்கருவேலமும் அதில் உண்டு. ஒரே நாளில் மொட்டையடித்தால் அடுத்த வருடம் அவை எங்கே போகும்? இன்னொன்று, வெட்டியவர்களில் பாதிப் பேருக்கு மரம் தெரியவில்லை. நாட்டுக்கருவேலும் உடைமரமும் சேர்ந்து விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். உடைமரம் குடை பிடித்தாற்போல் நிற்கும், முள் வெள்ளையாக நீண்டிருக்கும், ஆட்டுக்கு அதன் நெற்று நல்ல தீவனம். அதைப் போய்ச் சீமைக்கருவேலம் என்று சாய்த்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய கதைகளும் இதற்குக் காரணம். இந்த மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, கரியமில வாயுவை மட்டுமே விடுகிறது என்றெல்லாம் பரப்பினார்கள். அவை உண்மையல்ல. வேர் ஆழமாகப் போகும், கண்மாயின் கொள்ளளவை அடைக்கும், தன் நிழலில் வேறு செடியை வரவிடாது. அகற்றுவதற்கு இந்த உண்மைகளே போதும்.

இப்போது தூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது.

ஏலம் எடுத்தவர் மரத்தை முழங்கால் உயரத்தில் வெட்டுவார். குனிந்து வெட்டினால் கூலி கூடும். தூர் நிற்கும். சித்திரை வெயிலில் அது செத்த கட்டை போலத் தெரியும். கரையிலிருந்து பார்ப்பவருக்குக் கண்மாய் சுத்தமாகிவிட்டது, படமும் எடுத்துவிடுவார்கள். ஐப்பசி மழை விழுந்து பத்து நாள் கழித்து அதே கண்மாய்க்குப் போனால், தூரின் அடியைச் சுற்றிச் செம்பச்சையாகத் தளிர் விட்டிருக்கும். ஒரு தூரில் பத்துப் பதினைந்து கிளைகள். முன்பு ஒரு மரம் நின்ற இடத்தில் ஒரு புதர் வந்துவிடும், அடுத்த வருடம் ஆள் நுழைய முடியாது. மொட்டு இருப்பது தரைக்குக் கீழே, வேர் தொடங்கும் இடத்தில். அதற்கும் கீழே தோண்டி எடுத்தால்தான் மரம் சாகும். எடுத்தாலும் மண்ணில் விதை கிடக்கிறது, பல வருடம் உயிரோடு கிடக்கும். ஆடு நெற்றைத் தின்று புழுக்கையில் விதையைப் போடும், கிடை போட்ட இடமெல்லாம் அடுத்த மழைக்கு முளைக்கும். ஆகவே தூர் தோண்டிய பிறகும் இரண்டு மூன்று மழைக்காலம் போய்க் கன்றைப் பிடுங்க வேண்டும். கன்றாக இருக்கும்போது கையால் வரும், ஒரு வருடம் விட்டால் கடப்பாரை வேண்டும்.

உத்தரவுகள் "மரத்தை அகற்று" என்றன. தூர் யார் பொறுப்பு, இரண்டாம் வருடக் கன்று யார் பொறுப்பு என்று ஊர் மட்டத்துக்கு வந்து சேரும்படி யாரும் எழுதவில்லை. இதில் பேசத் தயங்கும் விஷயம் ஒன்றும் உண்டு. தூரை விட்டுவிட்டால் மூன்று நான்கு வருடத்தில் மறுபடி ஏலம் விடலாம். எடுப்பவருக்கும் வேலை, விடுபவருக்கும் வருமானம். மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் ஏராளம். அவர்களுக்கு வேறு நிலமும் இல்லை, வேறு தொழிலும் இல்லை. மரம் திரும்பி வருவதில் நஷ்டப்படுபவர் கண்மாய்த் தண்ணீரை நம்பி விதைத்த ஆயக்கட்டுக்காரர் ஒருவர்தான். கரிமூட்டக்காரரை எதிரியாக நினைத்துப் போடும் எந்தச் சட்டமும் இங்கே நிற்காது என்பது என் உறுதியான எண்ணம்.

காட்டுக்கு வருவோம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அயல் ஊடுருவல் இனம் என்றால் என்ன என்று முதல்முறையாக அந்தச் சட்டத்தில் வரையறை வந்தது. இந்தியாவைச் சேராத, வனவிலங்குக்கோ அதன் வாழிடத்துக்கோ கேடு செய்யக்கூடிய விலங்கு அல்லது தாவரம் என்பது அதன் பொருள். 62-ஏ பிரிவின்படி அப்படிப்பட்ட இனத்தை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் பெருக்குவதையும் மத்திய அரசு தடுக்கலாம், பறிமுதல் செய்து அழிக்கவும் செய்யலாம். நல்ல முன்னேற்றம். ஆனால் "இந்தியாவைச் சேராத" என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. அந்தமானில் புள்ளிமான் அயல் விலங்கு. ஆங்கிலேயர்கள் கொண்டுபோய் விட்டார்கள், அங்கே அதை வேட்டையாடப் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பெருகித் தீவுக் காடுகளின் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கிறது. ஆனால் புள்ளிமான் இந்திய விலங்கு, அதே சட்டம் அதைப் பாதுகாக்கிறது. தேசத்தின் எல்லையை வைத்து வரைந்த கோடு உயிரினத்தின் எல்லையோடு பொருந்தவில்லை.

தமிழ்நாடு அரசு 2022 ஜூலையில் அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கை வெளியிட்டது. இதற்குப் பின்னாலும் உயர் நீதிமன்றத்தின் தொடர் விசாரணை இருந்தது. அதில் எனக்குப் பிடித்தது "மீட்பு" என்ற பாதி. வெட்டிய இடத்தில் நாட்டுப் புல்லும் நாட்டு மரமும் வர வேண்டும் என்கிறது. முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மஞ்சக்கொன்னை என்ற அயல் மரத்தை வெட்டி அரசு காகித ஆலைக்குக் கூழுக்குக் கொடுக்கிறார்கள். உண்ணிச்செடித் தண்டை வளைத்து நீலகிரிப் பழங்குடி மக்கள் ஆள் உயரத்துக்கு மேலே யானை உருவங்கள் செய்கிறார்கள், அவை வெளிநாடு வரை கண்காட்சிக்குப் போயிருக்கின்றன. அந்த யானையின் தும்பிக்கை மடிப்பைப் படத்தில் பார்த்தாலே போதும், அந்தத் தண்டோடு எத்தனை நாள் பழகிய கை என்று தெரியும். ஆனால் கொள்கை என்பது சட்டமல்ல. அதை மீறினார் என்று யார் மீதும் வழக்குப் போட முடியாது.

மீனுக்கும் கடலுக்கும் தனி விதிகள் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க 2000-லேயே தடை. இன்றும் மாவட்ட நிர்வாகங்கள் குட்டைகளை அழிக்கின்றன, இன்றும் சந்தையில் மீன் வருகிறது. மன்னார் வளைகுடாவில் கப்பாபைகஸ் என்ற அயல் கடற்பாசியின் வளர்ப்பைத் தமிழ்நாடு அரசு 2005-ல் குறிப்பிட்ட கடல் பகுதிகளுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. சில வருடங்களில் அது குருசடைத் தீவின் பவளப்பாறை மேல் படர்ந்திருந்தது.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்டால், இதே மரத்தோடு மல்லுக்கட்டிய இரண்டு நாடுகளைச் சொல்வேன். கென்யாவின் பாரிங்கோவில் 1980-களில் விறகுக்காகவும் பாலைவனமாதலைத் தடுக்கவும் சீமைக்கருவேலத்தை நட்டார்கள். இனிப்பான நெற்றைத் தின்று தின்று அங்கே ஆடுகளின் பல் சொத்தையாகி விழுந்தது. அந்தப் பகுதியின் இல்சாமுஸ் இன மக்கள் அரசு மேல் வழக்குப் போட்டு, பல் இல்லாத ஓர் ஆட்டையே நைரோபி நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டுபோனார்கள். 2008-ல் கென்யா அதைத் தீங்கான களை என்று அறிவித்தது. மரத்தைக் கொண்டுவந்தவரிடமே நஷ்டத்தைக் கேட்ட வழக்கு அது. நம் பக்கம் யாரும் அந்தக் கோணத்தில் கேட்டதாக நான் பார்த்ததில்லை.

தென்னாப்பிரிக்கா இன்னும் நுணுக்கமாகப் போனது. 2014 விதிகளில் அயல் இனங்களை வகை வகையாகப் பிரித்தார்கள். சில இனங்களை உடனே ஒழிக்க வேண்டும், சிலவற்றைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், சிலவற்றை உரிமம் வாங்கி வளர்க்கலாம், சில இருக்கலாம் ஆனால் புதிதாக நடவோ விற்கவோ கூடாது. சீமைக்கருவேலத்தின் இனத்தைச் சேர்ந்த மரமே சில மாகாணங்களில் கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டிய வகையிலும், வடக்கு கேப் மாகாணத்தில் இருந்தால் இருக்கட்டும் என்ற வகையிலும் வருகிறது. எங்கே ஜெயிக்க முடியும், எங்கே முடியாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. நிலம் விற்பவர் தன் நிலத்தில் இந்த இனங்கள் இருந்தால் வாங்குபவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் விதி உண்டு. 1995 முதலே ஏழை மக்களுக்குக் கூலி கொடுத்து அகற்றும் திட்டமும் நடக்கிறது, திரும்பத் திரும்பப் போய்த் தளிரை அகற்றுவதும் அந்த வேலையின் பகுதி.

உலகம் முழுக்கப் பார்த்தால் நாம் மட்டும் பின்தங்கியில்லை. ஐ.நா. சார்ந்த பல்லுயிர் அறிவியல் குழு 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, இதற்கென்று தனிச் சட்டமோ விதியோ வைத்திருக்கும் நாடுகள் 17 சதவீதம்தான்.

உங்கள் கண்மாய்க்கு இப்போதே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அடுத்த ஏலத்துக்கு முன்னால் ஏல நிபந்தனைகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். "தூரோடு அகற்ற வேண்டும்" என்ற வரி இருக்கிறதா, அதை முடித்தால்தான் வைப்புத்தொகை திரும்பும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிராம சபையில் தீர்மானம் போட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். கன்று பிடுங்க அடுத்த இரண்டு மழைக்காலத்துக்கு ஏலப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லுங்கள், அந்தக் கூலி வேலையை உங்கள் ஊர்க் கரிமூட்டக் குடும்பங்களுக்கே கேளுங்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி உங்கள் ஊராட்சியில் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதை எழுப்பி, வெட்டக்கூடாத நாட்டுக்கருவேல், உடைமரம், கூடு உள்ள மரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்து வையுங்கள். வெட்டு மாசி பங்குனியில் தொடங்கினால் நல்லது. நெற்று உதிர்ந்து ஆடுகள் உள்ளே போவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும்.